ஜாதகம் காத்திருக்கும், கடைசித் தேதி காத்திருக்காது!

என் மகள் திருச்சியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். பிரபஞ்சம் தோன்றிய விதத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. "இன்னும் அஞ்சு வருஷப் படிப்பா? அப்புறம் மாப்பிள்ளைக்கு எங்கே போறது மாமி?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நானும் பயந்துபோய் ஜாதகக் கட்டோடு அலைந்தேன். அந்த அலைச்சலில் 'ஜெஸ்ட்' நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி போயே போய்விட்டது. வருடத்துக்கு ஒரே முறை நடக்கும் தேர்வு! "பரவாயில்லம்மா" என்றாள். அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், பெங்களூர் வான் இயற்பியல் நிறுவனம் போன்றவற்றில் இந்தத் தேர்வும் நேர்முகமும் தாண்டினால் இடம் கிடைக்கும். நாம் பணம் கட்டிப் படிக்க வைக்கும் படிப்பு இல்லை இது. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து 42,000. இது தெரியாமல் 'செலவு' என்று நானே பேசியிருக்கிறேன். பட்டம் வாங்கியதும் நிரந்தர வேலை கிடைத்துவிடாது என்பதும் உண்மைதான். ஆனால் அது ஆண் பிள்ளைகளுக்கும் உள்ள கஷ்டம்தானே?

பக்கத்திலிருக்கும் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி.ராமன் நமக்கெல்லாம் பெருமை. அவரே 1933-ல் பெங்களூரில் ஆராய்ச்சி செய்ய வந்த கமலா சோஹோனியைப் பெண் என்பதால் சேர்க்கத் தயங்கினார். அந்தப் பெண் விடவில்லை. நிபந்தனையோடு இடம் வாங்கி, பின்னர் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அதே கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தவர், கோவையில் பிறந்து டில்லியில் வளர்ந்த பிரியம்வதா நடராஜன். இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியை. ஆதி காலத்தில் பெரிய வாயு மேகங்கள், நட்சத்திரமாக மாறாமல் நேராகவே சரிந்து கருந்துளை ஆகியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர். பிரபஞ்சம் தோன்றி சுமார் 47 கோடி வருடங்களே ஆன காலத்துக் கருந்துளை ஒன்று 2023-ல் அவர் சொன்னதற்குப் பொருத்தமாகவே தெரிய வந்தது. அதைக் காட்டிய விண்வெளித் தொலைநோக்கிகளில் ஒன்றின் பெயர் 'சந்திரா'. ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர் நினைவாக வைத்த பெயர் அது. அன்று பெரியப்பா, சித்தப்பா காலத்தில் பெண்ணுக்குக் கதவு திறக்கவே யோசித்தார்கள். இன்று பிள்ளையின் பெயர் தாங்கிய கருவி, ஒரு பெண்ணின் கணக்குக்குச் சாட்சி சொல்கிறது!

கதவு திறந்தாகிவிட்டது. இப்போது மறித்துக்கொண்டு நிற்பது நாம்தான், தாய்மார்கள். இந்த வருடம் நானே பக்கத்தில் உட்கார்ந்து அவளை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய வைத்தேன். நல்ல வரன் வந்தால், படிப்பைத் தொடரச் சம்மதிப்பவராக இருக்கட்டும். சம்மதிக்காத வரன் நமக்கு எதற்கு? சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண் இருந்தால், ஜாதகத்தை எடுக்குமுன் கடைசித் தேதி என்று என்று கேளுங்கள்!

- ஒரு தாய், ஸ்ரீரங்கம்.