சொல்லைக் கொட்டினால் அள்ளுபவர்



சென்ற மாதம் பக்ரறியில் மதியச் சாப்பாட்டு நேரம். புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவர் பக்கத்தில் வந்திருந்து மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, விசாரணையில நாங்கள் சொல்லுறதை ஆர் எழுதுறது? போய் வந்த ஆக்கள், எழுதுற ஆளையே அங்க காணேல்லை எண்டு சொல்லினம்."

அவருடைய அகதி விசாரணைக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. மணி அடித்துவிட்டதால் அன்று முழுப் பதிலையும் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இம்முறை இப்பகுதியில் எழுதுகிறோம். இது அவருக்கு மட்டுமல்ல, எங்கள் எல்லோருக்கும் பயன்படும்.

எங்கள் பெரியப்பா ஊரில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். ஓய்வுபெற்ற பின்பும் காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். வானொலிச் செய்தி தொடங்கினால் கை தானாகக் கீறத் தொடங்கிவிடும். அவருடைய கொப்பியைப் பார்த்தால் கோழி கிளறிய முற்றம் போல இருக்கும். ஆனால் அதைப் பார்த்து ஒரு சொல் பிசகாமல் வாசிப்பார். "கேட்டதை எழுத வேணும், நினைச்சதை எழுதப்படாது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

அவர் செய்த தொழில் மிகப் பழையது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் சிசெரோ என்ற பெரும் பேச்சாளரிடம் ரைரோ என்பவர் இருந்தார். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பேச்சை விரைவாகக் குறித்துக்கொள்ளும் குறியீடுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஆங்கில நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் எழுத்தாளராகப் பெயர் எடுக்குமுன் லண்டனில் நீதிமன்றச் சுருக்கெழுத்து நிருபராக வேலை பார்த்தவர்.

எங்கள் ஊர்களுக்கு வந்தது ஐசக் பிற்மன் 1837இல் வெளியிட்ட முறை. இவர் எழுத்தைப் பார்க்கவில்லை, ஒலியைப் பார்த்தார். 'பம்பரம்' என்ற சொல்லில் வரும் இரண்டு 'ப'வும் எங்களுக்கு ஒரே எழுத்து. ஆனால் ஒலி வேறு. பிற்மன் முறையில் முதலாவது ஒலிக்கு மெல்லிய கோடு, இரண்டாவதற்குத் தடித்த கோடு. உயிரொலிகளைப் புள்ளிகளாலும் சிறு கீறுகளாலும் காட்டுவார்கள். வேகமாக எழுதும்போது அவற்றில் பலவற்றை விட்டுவிடுவார்கள். க், ல் என்ற இரண்டு மெய்கள் மட்டும் இருந்தால் அது கல்லா, காலா, கோலா? கோடு வரிக்கு மேலே நிற்கிறதா, வரியில் நிற்கிறதா என்பதையும், முன்பின் வரும் சொற்களையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். பெரியப்பாவின் எச்சரிக்கை எதற்கு என்று இப்போது விளங்கும். மனம் வேறிடத்தில் இருந்தால் கால் கல்லாகிவிடும்.

பிரெஞ்சு மொழியில் எமில் டுப்ளுவாயே 1860இல் தம் முறையை வெளியிட்டார். கனடாவில் அது ஒரு புதுமையான வேலை செய்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கம்லூப்ஸ் என்ற இடத்தில் லெ ஜன் என்ற பாதிரியார், அங்குள்ள பூர்வகுடி மக்கள் தங்களுக்குள் பொதுவாகப் பேசிய சினூக் மொழியை இந்தச் சுருக்கெழுத்தில் எழுதி 1891இல் ஒரு பத்திரிகையே தொடங்கினார். தமக்கென எழுத்து இல்லாத ஒரு பேச்சுக்குச் சுருக்கெழுத்தே எழுத்தாயிற்று.

பின்னர் இயந்திரம் வந்தது. அதில் 22 விசைகள்தான். ஆர்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது போல ஒரே அழுத்தில் ஓர் அசையை அடித்துவிடலாம். நன்றாகப் பழகியவர்கள் நிமிடத்துக்கு 200 சொற்களுக்கு மேல் அடிப்பார்கள். இங்கே கியூபெக்கில் நீதிமன்றங்களில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேச 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பே உரிமை தருகிறது. ஆகவே இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த சுருக்கெழுத்தாளருக்கு மதிப்பு உண்டு. இன்று ஒலிப்பதிவு பரவிவிட்டாலும் அதைக் கேட்டு எழுத்தாக்கவும், வழக்குக்கு முன்னர் நடக்கும் விசாரிப்புகளைப் பதியவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் இதையும் ஒரு தொழிலாக எண்ணிப் பார்க்கலாம்.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

கனடாவின் 1976ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, அகதி என்று கோரியவரைக் குடிவரவு அதிகாரி ஒருவர் சத்தியப் பிரமாணத்தின் மேல் விசாரிப்பார். கேள்வியும் பதிலும் தட்டச்சாகி ஒட்டாவாவுக்குப் போகும். அங்கே ஓர் ஆலோசனைக் குழு அந்தக் கடதாசியை வாசித்து அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும். கோரியவரின் முகத்தை அந்தக் குழு பார்ப்பதில்லை. எழுதப்பட்டதே அவர், அவரே எழுதப்பட்டது.

இதை எதிர்த்துச் சீக்கியர் பலர் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 1985 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுதான் சிங் வழக்கு. ஒருவர் சொல்வது உண்மையா பொய்யா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அவரை நேரில் பேசவிட்டுக் கேட்காமல் முடிவு செய்வது நியாயமல்ல என்பதே அதன் சாரம். அதன் பின்னரே 1989 ஜனவரியில் குடிவரவு அகதிகள் சபை செயற்படத் தொடங்கியது. இன்று நாங்கள் நேரே இருந்து கதை சொல்ல முடிகிறது என்றால் அதற்கு அந்தத் தீர்ப்பே காரணம்.

அந்த அறையில் எழுதுபவர் இல்லாதது உண்மைதான். ஒலிப்பதிவு நடக்கிறது. சுருக்கெழுத்தாளர் இருந்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் சொன்ன ஆங்கிலமோ பிரெஞ்சோதான் கொப்பியில் இருக்கும். எங்கள் தமிழ் காற்றோடு போயிருக்கும். ஒலிப்பதிவில் எங்கள் தமிழும் இருக்கிறது. தேவை வந்தால் சட்டத்தரணி மூலம் பிரதி பெற்று, சொன்னது ஒன்று பெயர்த்தது ஒன்றா என்று சரிபார்க்கலாம்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம். விசாரணையில் "அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போன பிறகு நாங்கள் வீட்டில இருக்கேல்லை" என்று சொன்னோம். மொழிபெயர்ப்பு சரியாகத்தான் வந்தது: சகோதரன். உடனே கேள்வி வந்தது: "உங்களுக்கு இரண்டு சகோதரிகள் மட்டும் என்றல்லவா பத்திரத்தில் எழுதியிருக்கிறீர்கள்?" எங்களுக்குக் கை கால் விறைத்துவிட்டது. பிடிபட்டவர் பெரியப்பாவின் மகன். பிறந்த நாள் முதல் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். ஒரு சொல்லும் பிசகாமல் எழுதிய அந்த மனிதரின் பிள்ளைதான் எங்கள் வாயில் ஒரு பிசகான சொல்லாக வந்து நின்றார். தண்ணீர் குடித்து, முறையை விளக்கிச் சொன்னோம். அந்த அறையிலேயே அது தெளிந்தது. 1985க்கு முன்னர் என்றால் அந்த ஒரு சொல் தனியாக ஒட்டாவாவுக்குப் போயிருக்கும். விளக்கம் சொல்ல நாங்கள் கூடப் போயிருக்க மாட்டோம்.

ஆகவே தம்பிக்கும் மற்றவர்களுக்கும் சொல்வது இதுதான். தலையை ஆட்டாதீர்கள், ஒலிப்பதிவுக்குத் தலையாட்டல் கேட்காது. "இவ்வளவு உயரம்" என்று கையால் காட்டாதீர்கள், அடிக்கணக்கில் சொல்லுங்கள். அண்ணை, சித்தப்பா, மச்சான் என்னும்போது யாருடைய மகன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வசனம் பெயர்த்து முடியும்வரை பொறுங்கள். மொழிபெயர்ப்பு விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். இடைவிடாத, துல்லியமான, பக்கஞ்சாராத மொழிபெயர்ப்பு வேண்டும் என்பதை 1994இல் திரான் என்பவரின் குற்றவியல் வழக்கில் உயர் நீதிமன்றம் வகுத்தது. அகதி விசாரணைக்கும் அது பொருந்தும் என்று 2001இல் மொகமதியன் வழக்கில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் குறையை முதல் சந்தர்ப்பத்திலேயே எழுப்ப வேண்டும் என்றும் சொல்லியது. மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு முறையிட்டால் பலன் இராது. 2012 டிசம்பரில் தொடங்கிய அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவும் பெரும்பாலும் பதிவையும் பத்திரங்களையும் பார்த்தே முடிவு செய்கிறது.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அள்ளுவதற்கென்றே ஒரு தொழில் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் அள்ளுபவரும் நாங்கள் கொட்டியதைத்தான் அள்ளுவார். பார்த்துக் கொட்டுவோம்.

தம்பியின் விசாரணை நல்லபடி முடிய வேண்டுகிறோம். அடுத்த இதழில் சந்திப்போம்.