சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது?

ஷாப்பிங் ஆப்பில் 'பென்டிரைவ்' என்று தேடிப் பாருங்கள். தெரிந்த பிராண்டின் 64 ஜிபி பென்டிரைவ் ஒரு விலையில் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே விலையில், பெயரே கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் 2 டிபி பென்டிரைவ் பளபளவென்று நிற்கும். முப்பது மடங்கு இடம், அதே காசு. 'ஏதோ ஆஃபர் போல' என்று ஆர்டர் போட்டால் பொருளும் சொன்ன தேதியில் வந்துவிடும். செருகினால் 2 டிபி என்றே காட்டும். நாலு போட்டோ ஏற்றினால் நாலும் திறக்கும். சந்தோஷத்தில் ஐந்து ஸ்டார் கொடுத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

சிக்கல் தெரிய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கல்யாண வீடியோவோ, எம்.ஃபில். ஆய்வேடோ, கடையின் மூன்று வருட ஜிஎஸ்டி கணக்கோ அதில் ஏறியிருக்கும். லேப்டாப்பில் இடம் வேண்டுமென்று ஒரிஜினலையும் அழித்திருப்பார்கள். ஒருநாள் திறந்தால் ஃபைல் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

உள்ளே நடப்பது என்ன?

பென்டிரைவுக்குள் இரண்டு முக்கியமான பாகங்கள் உண்டு. ஒன்று, தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் மெமரி சிப். இன்னொன்று, 'என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது' என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும் கன்ட்ரோலர். மோசடி நடப்பது இந்த இரண்டாவதில்தான். 32 அல்லது 64 ஜிபி சிப்பை வைத்துவிட்டு, கன்ட்ரோலரின் மென்பொருளை மாற்றி '2 டிபி' என்று பொய் சொல்ல வைக்கிறார்கள். விண்டோஸ் அதை அப்படியே நம்பும். அதற்கு வேறு வழியும் இல்லை.

உண்மையான இடம் தீரும்வரை எல்லாம் சரியாகவே நடக்கும். அதன் பிறகு ஏற்றும் ஃபைல்கள் ஒன்று காற்றில் போகும், அல்லது ஏற்கெனவே இருப்பவற்றின் மேலேயே எழுதப்படும். 'காப்பி முடிந்தது' என்ற செய்தி மட்டும் தவறாமல் வரும். ஃபைல் பெயர்களின் பட்டியல் பெரும்பாலும் டிரைவின் ஆரம்பப் பகுதியில் பதிவாவதால் அது தப்பித்துவிடுகிறது. பெயர் தெரிந்தும் படம் திறக்காமல் போவது இதனால்தான்.

வாங்கியவுடன் கண்டுபிடிக்க முடியாதா? இங்கேதான் ஏமாற்றுபவர்களின் கணக்கு. இந்த வகை டிரைவ்கள் விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதினாலே பெரிது. அந்த வேகத்தில் 2 டிபியை நிரப்ப இரவு பகலாக 55 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் உட்கார்ந்து யார் சோதிப்பார்கள்? ரிட்டர்ன் செய்யும் கெடுவும் அதற்குள் ஓடிவிடும்.

ஆனால் சோதிக்க இலவச வழிகள் இருக்கின்றன. விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸிலும் மேக்கிலும் 'எஃப்3' ஆகியவை டிரைவை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். 64, 128 ஜிபிக்கு இவை போதும். இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம். பெரிய டிரைவ் என்றால் 2023இல் வந்த 'வேலிடிரைவ்' நல்லது. அது டிரைவ் முழுவதும் அங்கங்கே சில நூறு இடங்களை மட்டும் தொட்டுப் பார்த்துச் சீக்கிரமே முடிவைச் சொல்லும். எதுவானாலும் சொந்த ஃபைல் ஒன்றைக்கூட ஏற்றுவதற்கு முன்பே, ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும்.

சிலர் இன்னொரு பக்கம் பயப்படுவார்கள். 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுகிறதே, இதுவும் மோசடியா? இல்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதே டிஸ்க்கை மேக்கில் செருகினால் 1 டிபி என்றே காட்டும்.

விலையே சொல்லிவிடும்

சோதனைக்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று உண்டு. நான்கு தெரிந்த பிராண்டுகளை எடுத்து, ஒரு ஜிபிக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள். நான்கும் ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். உலகில் ஃபிளாஷ் சிப்பைப் பெரிய அளவில் தயாரிப்பவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கியோக்ஸியா, சான்டிஸ்க் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எந்த ஸ்டிக்கர் ஒட்டி விற்றாலும் சிப் அவர்களைப் போன்ற சிலரிடமிருந்துதான் வர வேண்டும். அந்த விலையில் பாதிக்கும் கீழே ஒருவர் தருகிறார் என்றால், அவர் எதையோ தரவில்லை என்று அர்த்தம். ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து மெமரி விலை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், இப்படிப்பட்ட 'ஆஃபர்'களின் மேல் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் வேறு வகை ஏமாற்று. கொள்ளளவு உண்மையாக இருக்கும், வயதுதான் பொய். பழைய டிஸ்க்கைப் புதுசு என்று விற்பது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இது பெரிய செய்தியானது. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய டிஸ்க்குகள், ஓடிய நேரக் கணக்கு அழிக்கப்பட்டு, புதியவையாக விற்கப்பட்டிருந்தன. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்ற எண்ணைப் பார்ப்பது முதல் படி. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் மட்டும் முழுசாக நம்பிவிட முடியாது, ஆனால் 9,000 என்று இருந்தால் பேச்சே வேண்டாம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் 'பில் இல்லாம இவ்வளவு, பில்லோட இவ்வளவு' என்று இரண்டு விலை சொல்வதைக் கேட்டிருக்கலாம். கேபிளுக்கு அந்தப் பேரம் ஓகே என்று சிலர் நினைக்கலாம். ஸ்டோரேஜுக்கு பில்தான் வாரன்டி. சில நூறு மிச்சத்துக்காக மூன்று வருடப் பாதுகாப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது லாபமல்ல. பெட்டியில் எம்ஆர்பி, இறக்குமதியாளரின் பெயர் முகவரி, எந்த நாட்டில் தயாரானது ஆகியவை அச்சாகி இருக்க வேண்டும் என்பது சட்டம். யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க், 256 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி, பவர் பேங்க், சார்ஜர் ஆகியவற்றுக்கு பிஐஎஸ் பதிவும் கட்டாயம். 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் அந்தப் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால், அது யார் பெயரில் இருக்கிறது என்று கடை வாசலிலேயே பார்த்துவிடலாம்.

ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 100 ஜிபி வீடியோவைக் காப்பி செய்ய, சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குக் கால் மணி நேரம் ஆகும். நல்ல எஸ்எஸ்டிக்கு நாலு நிமிடம். பையில் போட்டு ஆபீசுக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு எஸ்எஸ்டிதான் சரி, உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் கீழே விழுந்தாலும் தாங்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது.

ஆனால் பழைய போட்டோக்களை பீரோவில் வைத்துப் பூட்டுவதற்கு ஹார்ட் டிஸ்க்கே மேல். ஒரு ஜிபிக்கு ஆகும் செலவும் குறைவு. ஃபிளாஷ் மெமரி தகவலை மின்னூட்டமாகத் தேக்கி வைக்கிறது. மின்சாரமே தராமல் வருடக்கணக்கில் போட்டுவைத்தால் அது மெல்லக் கசியும், நம்மூர் வெயில் அதை இன்னும் வேகப்படுத்தும். தேய்ந்துபோன எஸ்எஸ்டிக்கு சர்வதேசத் தரநிலை எதிர்பார்ப்பதே, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் போதும் என்பதுதான். புதிய எஸ்எஸ்டி அதைவிட அதிக காலம் தாங்கும் என்றாலும், பேரப்பிள்ளைகளுக்காகச் சேர்த்துவைக்க அது ஏற்ற பெட்டி அல்ல. பென்டிரைவ் அதைவிடவும் மோசம். பென்டிரைவ் என்பது ஜெராக்ஸ் கடைக்கு ஃபைல் கொண்டுபோகும் வாகனம், கிடங்கு அல்ல.

உண்மையிலேயே காசு மிச்சமாகும் வழி வேறொன்று இருக்கிறது. பழைய லேப்டாப்பை எடைக்குப் போடும் முன் உள்ளே இருக்கும் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ இருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. என்க்ளோஷர் ஒன்றில் மாட்டினால் அதுவே எக்ஸ்டர்னல் டிரைவ். சுயிங்கம் குச்சி போல மெலிதாக இருக்கும் எம்.2 வகை என்றால் மட்டும் கவனம். அதில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு ரகம் உண்டு. ஒன்றுக்கான என்க்ளோஷர் இன்னொன்றுக்கு வேலை செய்யாது, இரண்டுக்கும் ஒத்துப்போகும் மாடல்களுக்கு விலை கொஞ்சம் கூடுதல். டிஸ்க்கையும் கையோடு கடைக்கு எடுத்துக்கொண்டு போவது உத்தமம்.

ஃபார்மட் செய்யும்போது 'எக்ஸ்ஃபேட்' தேர்ந்தெடுத்தால் விண்டோஸ், மேக், பெரும்பாலான புதிய டிவிகள் எல்லாவற்றிலும் ஓடும். பழைய 'ஃபேட்32'இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைல் ஏறாது. படம் ஏறவில்லை என்று டிரைவைத் திட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கேபிள், ஹப்: இங்கே சிக்கனம் சரி

டைப்-சி என்பது வெறும் வடிவம், வேகம் அல்ல. போனுடன் வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை 2000ஆம் ஆண்டின் யு.எஸ்.பி. 2.0 வேகத்தில்தான் தகவலைக் கடத்தும். அதாவது விநாடிக்கு 480 மெகாபிட். புத்தம்புது எஸ்எஸ்டியை அந்தக் கேபிளில் செருகிவிட்டு 'ஸ்லோவா இருக்கே' என்றால் எஸ்எஸ்டி என்ன செய்யும்? எஸ்எஸ்டியுடன் வந்த கேபிளைப் பத்திரமாக வைத்திருந்தாலே புதிது வாங்கும் செலவு மிச்சம்.

பெயர்க் குழப்பத்துக்கு யு.எஸ்.பி. அமைப்பையே குறை சொல்ல வேண்டும். 2008இல் வந்த 3.0, பிறகு '3.1 ஜென் 1' ஆகி, அப்புறம் '3.2 ஜென் 1' ஆனது. மூன்றும் ஒரே 5 ஜிகாபிட்தான். பெட்டியில் பெரிய எழுத்தில் '3.2' என்று இருப்பதால் மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், 5 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ் என்ற எண்ணை மட்டும் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு 5 தாராளம்.

மவுஸ், கீபோர்டு, பிரின்டர் செருக மலிவான நாலு போர்ட் ஹப் போதும். அதே ஹப்பில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு துண்டித்துத் துண்டித்து வரும். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. அதை நாலு பேர் பங்குபோட்டால் டிஸ்க் சுழலாது. டிஸ்க்கை லேப்டாப்பில் நேரடியாகச் செருகினால் பிரச்சினை தீரும், தனி அடாப்டர் உள்ள ஹப்புக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

சார்ஜிங் கேபிளில் மட்டும் அடிமட்ட விலைக்குப் போக வேண்டாம். 2015இல் கூகுள் இன்ஜினியர் பென்சன் லியுங், அமேசானில் விற்கும் டைப்-சி கேபிள்களை வாங்கி ஒவ்வொன்றாகச் சோதித்து, மோசமானவற்றைப் பற்றி ரிவ்யூ எழுத ஆரம்பித்தார். 2016 பிப்ரவரியில் தப்பாக ஒயரிங் செய்யப்பட்ட ஒரு கேபிள், அவருடைய குரோம்புக் லேப்டாப்பையே பழுதாக்கியது. அடுத்த மாதமே, தரநிலைக்கு உட்படாத டைப்-சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் விதி போட்டது.

இந்தச் சம்பவம் இங்கே முக்கியமாவது வேறு காரணத்துக்காக. தரமில்லாத பொருளைப் பட்டியலிலிருந்து தூக்க ஆன்லைன் தளங்களால் முடியும், மனசு வைத்தால். சில நூறு ரூபாய் 2 டிபி பென்டிரைவ் பொய் என்பதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர்கூட வேண்டாம், விலையும் கொள்ளளவும் போதும். ஒரு சின்ன ஃபில்டரால் தடுக்கக்கூடிய மோசடியை 'நாங்கள் வெறும் மார்க்கெட்பிளேஸ், விற்பவர் வேறு' என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை ஏற்க முடியாது. தேடல் முடிவில் முதல் வரிசையில் காட்டி, கமிஷனும் வாங்குபவருக்குப் பொறுப்பும் உண்டு. தரம் பார்த்து வாங்கத் தெரியாதது வாடிக்கையாளரின் குற்றம் என்று விடுவது, ஜிபி எது டிபி எது என்று தெரியாத அப்பா அம்மாக்களை வலைக்குள் தள்ளிவிடுவதற்குச் சமம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. சோதனை மென்பொருள் காட்டும் முடிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விற்பனைப் பக்கத்தையும் சேமித்துக்கொண்டு, முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் பணம்தான் திரும்பும், போட்டோ திரும்பாது. நல்ல பிராண்டின் வாரன்டியும் அப்படித்தான், புது டிஸ்க் கொடுப்பார்கள், உள்ளே இருந்ததற்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். 2023இல் உலகின் முன்னணி நிறுவனம் ஒன்றின் விலை உயர்ந்த எஸ்எஸ்டிகளே திடீரென்று தகவலை இழந்து, அமெரிக்காவில் வழக்குவரை போனது. அதனால் ஒரே பெரிய 2 டிபி எஸ்எஸ்டிக்குப் பட்ஜெட் போடுகிறவர்கள், அதே காசில் இரண்டு 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி இரண்டிலும் ஒரே காப்பியை வைக்க முடியுமா என்று பார்க்கலாம். ஒன்று வீட்டில், இன்னொன்று ஊரில் அம்மாவின் பீரோவில். தினமும் தேவைப்படும் நாலு ஃபைல்களுக்கு கிளவுடின் இலவச இடமே போதும்.