பார்மட் செய்யும் முன் ஒரு நிமிடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பிழைச் செய்தி வந்தவுடன் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். அடுத்து, புரோகிராமை நீக்கிவிட்டு மீண்டும் இன்ஸ்டால் செய்கிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் கடைக்குக் கொண்டுபோய் பார்மட் செய்கிறார்கள். இந்தப் பழக்கம் தவறு என்பது என் கருத்து.

சென்ற மாதம் என் சித்தி மகள் போன் செய்தாள். பொறியியல் முதலாண்டு மாணவி. கடன் வாங்கி வாங்கித் தந்த புது லேப்டாப். ஜாவாவை ஜிப் பைலாக டவுன்லோட் செய்து மூன்று முறை விரித்துப் பார்த்துவிட்டாள். கமாண்ட் பிராம்ப்ட்டில் "ஜாவாசி" என்று டைப் செய்தால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வருகிறது. கடையில் பார்மட் செய்யச் சொன்னார்களாம். "எனக்கு கம்ப்யூட்டர் வராது போலிருக்கு அண்ணா, வேற பிரிவுக்கு மாறிடறேன்" என்றாள். அதுதான் மனதைச் சுட்டது.

கோளாறு அவளிடம் இல்லை. லேப்டாப்பிலும் இல்லை. நாம் தரும் கட்டளையை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க் முழுவதும் தேடாது. அப்போது நாம் இருக்கும் போல்டரிலும், "பாத்" என்ற பட்டியலில் உள்ள போல்டர்களிலும் மட்டுமே தேடும். ஜாவாசி இருக்கும் "பின்" போல்டர் அந்தப் பட்டியலில் இல்லை. ஜிப் பைலை எத்தனை முறை விரித்தாலும் பட்டியல் மாறாது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஸ்டார்ட் மெனுவில் "என்விரான்மென்ட்" என ஆங்கிலத்தில் டைப் செய்தால் இதை மாற்றும் வசதி கிடைக்கும். "பாத்" என்பதைத் தேர்ந்தெடுத்து, எடிட், நியூ என கிளிக் செய்து, பின் போல்டரின் முகவரியைச் சேருங்கள். ஏற்கெனவே உள்ளவற்றை அழித்துவிடாதீர்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். பழைய விண்டோ பழைய பட்டியலையே வைத்திருக்கும். பலர் ஏமாறும் இடம் இது.

மேவன், கிரேடில் போன்ற பில்ட் புரோகிராம்களுக்கு "ஜாவா ஹோம்" என்ற அமைப்பும் தேவைப்படலாம். அதில் பின் போல்டரைத் தரக்கூடாது. அதற்கு ஒரு படி மேலே உள்ள ஜேடிகே போல்டரைத் தர வேண்டும். பிழைகள் வரிசையாக ஓடினாலும் மிரளாதீர்கள். முதல் பிழையைப் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள்தான்.

பார்மட் செய்திருந்தாலும் அந்தப் பட்டியலில் ஜாவா வந்திருக்காது; அதே பிழைதான் மீண்டும் வந்திருக்கும். போனில் பத்து நிமிடத்தில் சரியானது. பிரிவு மாறும் பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை.

புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் கல்லூரிகள், முதல் வகுப்பிலேயே பிழைச் செய்தியைப் படிக்கவும் கற்றுத்தர வேண்டும். அதுவரை, நீங்களாவது மூடும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.