கூலிக்கு வரலாறு ஏது?

"கூலிக்கு வரலாறு ஏது?" என்று மலையகத் தமிழனை நோக்கி மாற்றார் கேட்டபோது நாம் சினந்தெழுந்தோம். இன்று அதே கேள்வியை நம் வீட்டுப் பிள்ளையே தன் நெஞ்சுக்குள் கேட்டுக் கொள்கிறது. இதற்கு யாரைச் சினப்பது?

ஊர் எதுவென்று வினவினால், தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டுப் பக்கத்துப் பட்டினத்தின் பெயரைச் சொல்லும் பிள்ளைகள் எத்தனை பேர்! பாட்டி கொழுந்து பறித்தவள் என்பதைத் தோழரிடம் மறைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! இவர்கள் வெட்கத்தோடு பிறந்தவர்கள் அல்லர். வெட்கம் இவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கதையைச் சொல்லாத பெற்றோரும், கேட்கத் தூண்டாத ஆசிரியருமே இதற்குப் பொறுப்பாளிகள்.

1867ஆம் ஆண்டு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று பிள்ளை ஒப்புவிக்கிறான். நன்று, அறியத்தக்க செய்தியே. ஆனால் அம் மலைகளில் செடி நட்டு, கவ்வாத்து வெட்டி, கொழுந்து கிள்ளிய கைகள் எவருடையவை? கோப்பித் தோட்டங்களுக்கென 1823 தொடக்கம் கடல் கடந்து வந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே கால்நடையாய் நடந்தவர் எவர்? பசிக்கும் வாந்திபேதிக்கும் இரையாகி வழியிலேயே மாண்டவர் எவர்? டெய்லரின் பெயரை அறிந்த பிள்ளை தன் பூட்டனின் பெயரை அறியானெனில், அது கல்வியா?

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம் மக்களை நாடற்றவர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மந்தையைப் பங்கிடுவதுபோற் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் விதியைப் பிற்போட்டது. தாய் ஒரு கரையிலும் மகள் மறுகரையிலுமாகக் குடும்பங்கள் பிளந்தன. 2003ஆம் ஆண்டிற் பிறிதொரு சட்டம் வந்து பிரசாவுரிமை வழங்கிற்று. பத்திரம் கைக்கு வந்தது. கதை வந்து சேர்ந்ததா?

"பழைய துன்பத்தைக் கிளறுவானேன்? பிள்ளை படித்து முன்னேறட்டும்" என்பார் உளர். துன்பம் மட்டுமா நம் முதுசொம்? 1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திற் சூடுபட்டு வீழ்ந்த கோவிந்தன் நம் முதுசொம் அல்லனா? தொழிலாளர் துயரைப் பாட்டாய்ப் பாடி மேடையேறிய மீனாட்சி அம்மையார் நம் முதுசொம் அல்லரா? மாசித் திங்களிற் காமன் ஊன்றி மதனும் ரதியுமாய் ஆடிய கூத்து எவருடையது? மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் கேட்டதைப் போல் நம் பிள்ளைகள் கேட்கலாகாதா?

ஆகவே பெற்றோரே, பிள்ளையைப் பாட்டியின் பக்கத்தில் அமர்த்துங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தக் கங்காணி அழைத்து வந்தான், பெரட்டுக்கு எப்போது எழுந்தாய், என்ன தாலாட்டுப் பாடினாய் என்று அவன் கேட்கட்டும். அவள் மொழியைத் திருத்தாமல் அவள் சொன்னபடியே கொப்பியில் எழுதட்டும். பெட்டியடியிற் கிடக்கும் பழைய பிரசாவுரிமைப் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

ஆசிரியரே, எழுதியதை வகுப்பில் உரக்க வாசிக்க விடுங்கள். சிங்களத்திலும் எழுதுவித்து அயற் பாடசாலைக்கு அனுப்புங்கள். அப் பிள்ளைகளின் பாட்டிமார் கதையையும் கேட்டு வாங்குங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் இதனைக் கேட்டாக வேண்டும். அவர்கள் பறித்த தேயிலையைக் குடித்துக்கொண்டே "தோட்டக்காட்டான்" என்று இகழ்ந்த வாய்கள் நம்மிடையிலும் இருந்தன என்பதை மறைக்க வேண்டா.

2023ஆம் ஆண்டில், 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தனர். நடந்த கால்களை வணங்குவோம். ஆனால் நினைவு நடைபயணத்தோடு முடிந்துவிடலாகாது. அடுப்பங்கரையில் நாடோறும் தொடரவேண்டும். பாட்டிமார் நமக்காகக் காத்திரார்.

கூலிக்கு வரலாறு ஏதென்று இனி எவரேனும் கேட்பின், விடைகூற நாம் எழவேண்டியதில்லை. கொப்பியைத் திறந்துகொண்டு நம் பிள்ளை எழட்டும்!