தொட்டியில் கலக்கும் ஆசிட்

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் இறந்தால், 'விஷவாயு தாக்கி பலி' என்று செய்தி முடிந்துவிடுகிறது. அந்த வாயு எப்படிக் கிளம்பியது என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டும். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு வீட்டுத் தொட்டி 6 உயிர்களைப் பறித்தது. முதலில் இறங்கியவரைக் காப்பாற்றப் போனவர்களும் பிணமானார்கள். 2021 பிப்ரவரியில் கட்டவாக்கத்தில் ஓர் உணவு தயாரிப்பு நிறுவனத்தின் தொட்டியில் 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டும் நம் மாவட்டம்தான்.

தொட்டிக்குள் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் கழிவை அமிலமாக்குகிறது. இன்னொரு கூட்டம் அதை மீத்தேனாக மாற்றுகிறது. இரண்டாவது கூட்டம் மென்மையானது. பிஎச் 7-ஐ ஒட்டி இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். பன்னிரண்டாம் வகுப்பில் அயனிச் சமநிலை படித்த பிள்ளைகளுக்குக் காரணம் எளிதில் புரியும். வலிமை குறைந்த அமிலம் நீரில் முழுவதும் அயனிகளாகப் பிரிவதில்லை. மின்சுமை உள்ள அயனி பாக்டீரியாவின் சவ்வைச் சுலபமாகத் தாண்டாது. பிரியாத பகுதி தாண்டிவிடும். உள்ளே போய்ப் பிரிந்து செல்லையே அமிலமாக்கும். நீர் புளிக்கப் புளிக்க இந்தப் பிரியாத பகுதி கூடிக்கொண்டே போகும்.

ஹைட்ரஜன் சல்பைடும் அப்படித்தான். பிஎச் 7-ல் ஏறத்தாழ பாதி பிரியாமல் இருக்கும். 6-க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது பங்கு. வாயுவாக வெளியேறுவது அந்தப் பிரியாத பகுதியே. மனிதனின் நுரையீரல் வழியாகப் போய் செல்களின் மூச்சை நிறுத்துவதும் அதுவே.

கறை போக வேண்டும் என்று கழிப்பறையில் ஆசிட்டைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிற வீடுகளை நாம் அறிவோம். பாக்டீரியா நலியும், கசடு செரிக்காது, தொட்டி சீக்கிரம் நிரம்பும். கரைந்திருந்த சல்பைடும் வாயுவாகும். ஊற்றியது ஒரு வீடு. ஆள் தேடி வருவது நம் காலனிக்கு. கம்பால் கசடைக் கிளறும்போது அடைந்திருந்த வாயு ஒரே மூச்சில் எழும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும் என்பதால், 'நாத்தம் இல்ல, இறங்கு' என்று சொல்லும் மேஸ்திரியின் பேச்சு கொலைகாரப் பேச்சு.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பின்றி ஆளை இறக்கினால் முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் 2023-ல் உயர்த்தியது. தொகை உயர்ந்தது சரி. இறக்கியவர்கள் எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள்? மாவட்ட நிர்வாகம் இதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

சந்துக்குள் லாரி வராது என்பது சாக்கு. குழாயை நீட்டலாம். கூலிக்கு அழைத்தால், லாரியை வரவழைக்கச் சொல்லி மறுத்துவிடுங்கள். யாராவது உள்ளே விழுந்தால் பின்னால் குதிக்காமல் 101-ஐ அழையுங்கள். வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இதை இன்றைக்கே வீட்டில் சொல்லட்டும்.