எண்ணூர்க் கோப்பையும் படியுங்கள்
சென்னை யானைக்கவுனி காவல் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம், குற்றம் என்றால் செல்போன் பறிப்பும் பிக்பாக்கெட்டும்தான் என்று எப்படிப் பழகிப்போனோம் எனத் தோன்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுத்தன. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே போனால் அது குற்றமில்லை என்றாகிவிடுமா? நிறுவனங்களின் குற்றங்களை ஆராய்ந்த அமெரிக்கக் குற்றவியலாளர் எட்வின் சதர்லேண்ட் கிரிமினல் நீதிமன்றங்களோடு நிற்காமல் ஒழுங்குமுறை ஆணையங்களின் கோப்புகளையும் புரட்டினார். 70 நிறுவனங்களுக்கு எதிராக 980 முடிவுகள் கிடைத்தன. 1949இல் அவருடைய நூல் வந்தபோது வழக்குக்கு அஞ்சி நிறுவனங்களின் பெயர்களை நீக்கிவிட்டார்கள். அவை அச்சேற 1983 ஆனது. நம் குற்றவியல் மாணவர்கள் தீர்ப்பாய ஆவணங்களோடு எண்ணூர் மீனவர்களின் வாய்மொழியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இறால் எப்போது குறைந்தது, எந்த இடத்தில் தண்ணீர் சுட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.