மயில் கூடிப்போச்சுன்னு வரைபடமும் சொல்லுது

மயில் அதிகமாயிடுச்சுன்னு நாங்க சொன்னா, "உங்க காட்டுல நாலு மேயுது, அதான் அப்படித் தெரியுது"ன்னு பதில் வரும். (எங்க பக்கம் காடுன்னா வனம் இல்லைங்க, மானாவாரி நிலம்.) இப்ப அதைச் சோதிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு.

ஈபேர்டுன்னு ஒரு தளம். எந்த இடத்துல, எந்த நாள்ல, என்னென்ன பறவை பார்த்தோம்னு ஆர்வலர்கள் அதில் பட்டியல் போடுகிறார்கள். வருஷத்தையும் மாசத்தையும் மாத்தினா வரைபடமும் மாறும். அண்ணன் மகள்தான் போன்ல போட்டு, "சித்தப்பா, கேரளாவைப் பாருங்க"ன்னா. ஒரு காலத்துல அங்கே மயில் ரொம்ப அபூர்வம். இப்ப எல்லா மாவட்டத்திலும் இருக்கு. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023ல் வந்த அறிக்கையும் இதையே சொல்கிறது.

ஆள் கூடினதால பதிவும் கூடியிருக்கலாமேன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா அந்த ஊதா நிறம் தலையை எண்ணிப் போடுறது இல்லை. நூறு பட்டியல்ல எத்தனையில மயில் இருந்துச்சுங்கிறதுதான் கணக்கு. அதனால அடர் ஊதாவை நான் நம்புறேன். சாம்பல் கட்டத்துல, ஆள் போய்ப் பார்த்தும் மயில் பதிவாகலை. நிறமே இல்லாத கட்டத்துக்கு யாருமே போகலை. இந்த வெறும் கட்டத்தைப் பார்த்துட்டு "அங்க மயில் தொந்தரவு இல்லை"ன்னு யாராவது முடிவு கட்டினா, அடி எங்களுக்குத்தான்.

பொங்கல் சமயத்துல பதிவுக்குக் குறைவு இருக்காது. 2015லிருந்து பொங்கல் பறவைக் கணக்கெடுப்பே நடக்குது. குளத்துக்கும் ஏரிக்கும் ஆள் வரும். எங்களுக்குச் சேதம் ஆடியில. கடலை விதைச்ச மறுநாளே மயில் இறங்கி, சால் பிடிச்ச மாதிரி வரிசையா கொத்திக்கிட்டே போகும். முளைச்சு நாலு இலை விட்டா அந்தப் பக்கம் அவ்வளவா வராது. அதிகாரி பார்க்க வர்றப்ப மயிலும் இருக்காது, விதையும் இருக்காது. எதை வச்சு இழப்பீடு கேக்கிறது?

மயிலை அடிக்கணும்னு நான் சொல்லலை. 1972ஆம் வருஷச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கு, இருக்கட்டும். எந்த வாரம், எந்த ஊர்ன்னு தேதியோட பதிவு இருந்தா, விதைப்பு நேரத்து இழப்பை இழப்புன்னு ஒத்துக்க வைக்கலாம். அதைத்தான் கேக்கிறேன்.

ஆடி நோன்பிக்கு ஊருக்கு வர்றவங்க, காலையில ஒரு பதினைஞ்சு நிமிஷம் வரப்புல நில்லுங்க. காக்கா, மைனா எல்லாம் சேர்த்து எழுதுங்க. மயில் கண்ணுல படலைன்னாலும் பட்டியலைப் போட்டு விடுங்க, அதுவும் கணக்குத்தான். எங்க காட்டுல ஆறு மணிக்கு மேல இறங்கும், ஏழரைக்கெல்லாம் வேலிப்பக்கம் ஏறிடும். அதுக்குள்ள வந்துடுங்க, மோர் கரைச்சு வைக்கச் சொல்றேன்.